காருக்குப் போட்ட இடமா, கால் முடியாதவருக்குப் போட்ட இடமா?

எக்கியார்குப்பத்து மீனவர் ஒருவர் சென்ற மாதம் நம் மாவட்டத்துச் சர்க்கார் அலுவலகம் ஒன்றுக்குப் போனார். எந்த அலுவலகம் என்று நாம் எழுதப் போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

அவருக்கு இரண்டு கால்களும் சரியில்லை. படகைக் கரையேற்றும்போது டிராக்டருக்கும் படகுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர். ஊன்றுகோல் இரண்டும் இருந்தால் பத்துப் பதினைந்து அடி போவார். பிறகு நின்று மூச்சு வாங்க வேண்டும். பின்பக்கம் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று சர்க்கார் கொடுத்திருக்கிறது. அதில்தான் உப்பளத்து ரோட்டைக் கடந்து, திண்டிவனம் வழியாக, வெயிலில் அவ்வளவு தூரமும் போய்ச் சேர்ந்தார்.

அலுவலக வாசலை ஒட்டித் தரையில் நீல வர்ணம் பூசி, சக்கர நாற்காலிப் படம் வரைந்த இடம் ஒன்று இருந்தது. நமக்காகப் போட்டது என்று நம்பி, அங்கே வண்டியை நிறுத்தினார். காவலாளி ஓடி வந்தார்.

"இது காருக்குப் போட்ட இடம்பா. டூ வீலர் எல்லாம் அந்தப் பக்கம் வுடு."

"அண்ணே, படத்தப் பாருண்ணே. எனக்குத்தாண்ணே போட்டிருக்காங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பெர்மிட்டு இருக்குதா?"

பெர்மிட் இல்லை. எப்படி இருக்கும்? அப்படி ஒரு பெர்மிட்டே இந்த நாட்டில் கிடையாது. அவர் வண்டியைத் திருப்பி, கோடியில் இருந்த புளிய மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்து வாசலுக்கு நூறு அடிக்கு மேல் இருக்கும். அவர் ஊன்றுகோலில் வந்து சேர்வதற்குள் நீலக் கட்டத்தில் ஒரு கார் வந்து நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கியவர் படியில் இரண்டிரண்டாக ஏறிப் போனார்.

காவலாளி மேல் நமக்குக் கோபம் இல்லை. ஒப்பந்தக் கூலிக்கு நிற்கிறவர். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அவர் கையில் ஒரு துண்டுக் காகிதமாவது யாராவது கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. சட்டமே சொல்லாததை அவர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்?

இந்தச் சங்கதியை நம் ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் சிரித்துவிட்டார். "உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை, நிழலுக்கு ஒரு கொட்டகை இல்லை, இதில் கார் நிறுத்துகிற பிரச்னை நமக்கு எதற்கு?" என்றார். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறோம். ஆனால் யோசிக்க யோசிக்க, இந்த நீலக் கட்டத்துக்குள் பெரிய விவகாரம் ஒன்று அடங்கியிருப்பது தெரிந்தது. உடல் முடியாத உழைப்பாளியை யார் அளப்பது, எந்தக் கோலால் அளப்பது என்பதே அந்த விவகாரம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2016இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் 41ஆவது பிரிவு, பஸ் நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, டிக்கெட் கவுண்டர் எல்லாம் அவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. கட்டிடங்களுக்கு என்று மத்திய சர்க்கார் 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அந்த இடம் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும், 3.6 மீட்டர் அகலம் வேண்டும் என்று அளவோடு சொல்லின. சக்கர நாற்காலியைக் காரின் பக்கவாட்டில் இறக்குவதற்காக அந்த அகலம். சரிதான். ஆனால் அந்த இடத்தில் யார் நிறுத்தலாம்? அதைப் பற்றி மூச்சு இல்லை. அகலத்தை அங்குல சுத்தமாக அளந்தவர்கள் மனிதனை மறந்துவிட்டார்கள்.

வெளிநாடுகளில் இதற்கு அட்டை உண்டு. பிரிட்டனில் தொழிற்கட்சி உறுப்பினர் ஆல்ப் மோரிஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1970இல் சட்டமானது. அதன்படி 1971இல் ஆரஞ்சு நிற அட்டை வந்தது. 2000த்தில் அது நீல அட்டை ஆயிற்று. அந்த அட்டையில் நமக்குப் பாடமாக இருப்பவை இரண்டு விஷயங்கள்.

ஒன்று, அட்டை வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. சொந்தக் கார் இல்லாதவரும் வாங்கலாம். மகன் வண்டியில் போனாலும், அண்டை வீட்டார் வண்டியில் போனாலும், வாடகை டாக்சியில் போனாலும் அட்டையை முன்கண்ணாடியில் வைத்தால் போதும். இரண்டாவது, அங்கே கேட்கிற கேள்வி, உன் உடம்பில் எத்தனை சதவிகிதம் கெட்டுப்போயிற்று என்பதல்ல. எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதே. 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர் என்று ஏற்கெனவே மதிப்பிடப்பட்டிருந்தால் அநேகமாகத் தனிப் பரிசோதனை இல்லாமலே அட்டை. அமெரிக்காவிலும் இதே நியாயம்தான்: நடுவில் நின்று இளைப்பாறாமல் 200 அடி நடக்க முடியாதவர் என்று டாக்டர் சொன்னால் போதும். கால் ஊனமாக இருந்தாலும் சரி, நுரையீரல் கெட்டவராக இருந்தாலும் சரி, இருதய நோயாளியாக இருந்தாலும் சரி. கால் முறிந்து கட்டுப்போட்டவருக்கு ஆறு மாதம் வரை செல்லும் தற்காலிக அட்டையும் உண்டு. 2019 ஆகஸ்டில் இங்கிலாந்து இன்னும் ஒரு படி போயிற்று. வெளிக்குத் தெரியாத கோளாறு உள்ளவர்களுக்கும், வண்டியிலிருந்து இறங்கிப் போவதே பெரும் துன்பமாக இருக்கிற மனநோயாளிகளுக்கும் அட்டை உண்டு என்று விதியை விரித்தார்கள்.

அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நாம் சொல்லவில்லை. அந்த நாடுகளிலும் உதவித்தொகையை வெட்டுகிறார்கள். பரிசோதனை என்ற பெயரில் நோயாளிகளை அலைக்கழிக்கிறார்கள். செத்துப்போன பாட்டியின் அட்டையை வைத்துக் கார் நிறுத்துகிற கனவான்களும் அங்கே இருக்கிறார்கள். ஆனாலும் எதை அளக்க வேண்டுமோ அதை அளக்கிறார்கள். அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

இங்கே என்ன நிலைமை? நமக்குக் கிடைத்தது எல்லாம் வண்டிக்குக் கிடைத்ததுதான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, "இன்வாலிட் கேரியேஜ்" என்ற பழைய வார்த்தையை எடுத்துவிட்டு, மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்று போட்டார்கள். 2020 அக்டோபரில், வண்டியின் பதிவுப் படிவத்தில் சொந்தக்காரர் மாற்றுத்திறனாளி என்று குறிக்க ஒரு கட்டம் சேர்த்தார்கள். நல்லதுதான். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், 2008, சுங்கச் சாவடியில் விலக்குக் கொடுக்கின்றன. யாருக்கு? ஊனமுற்றவருக்காகவே தனியாக வடிவமைத்த வாகனத்துக்கு. ஆக, கையால் பிரேக் போடும் காரை வாங்கி ஓட்ட வசதியுள்ளவருக்குச் சலுகை. முதுகெலும்பு முறிந்து, வாடகை வண்டியின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு இல்லை. இவருக்கு அவரை விட உபாதை குறைவா? கார் இல்லை, அவ்வளவுதான் குறை.

இப்போது சிலர், நம் நாட்டுக்கும் ஒரு நிறுத்துமிட அட்டை வேண்டும் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் அட்டை வந்தால் அதற்கு விதி எழுதுகிற உத்தியோகஸ்தர் முதலில் கை வைக்கப்போவது எதில் என்று நமக்குத் தெரியும். "40 சதவிகிதமும் அதற்கு மேலும்" என்று எழுதிவிடுவார். அவருக்கு அது பழக்கம். அங்கேதான் நாம் குறுக்கே நிற்க வேண்டியிருக்கிறது.

40 சதவிகிதம் என்பது எங்கிருந்து வந்தது? 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை ஊனம் இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. இரண்டிலும் 40 என்ற கோடு அப்படியே இருக்கிறது. இந்தச் சதவிகிதக் கணக்குக்குப் பழைய உறவுக்காரர் ஒருவர் உண்டு. வெள்ளைக்காரன் 1923இல் போட்ட தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் போனால் 30. ஒரு கையில் நான்கு விரல் போனால் 50. மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண்ணை இழந்தால் 40. கசாப்புக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை பங்கு போயிற்று, முதலாளி எவ்வளவு கொடுத்தால் கணக்குத் தீரும் என்பதற்காகப் போட்ட பட்டியல் அது. அந்தக் காரியத்துக்கு அது உதவியது. தொழிற்சங்கத்தார் நாமே அதைக் காட்டி எத்தனையோ பேருக்கு நஷ்ட ஈடு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒரு மனிதன் பஸ் ஏறுவதற்கும், பரீட்சை எழுதுவதற்கும், ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்கும் அதே மாதிரி ஒரு எண்ணைச் சாவியாக்கினால் எப்படிப் பொருந்தும்?

எக்கியார்குப்பத்துக்கே வருவோம். 2023 மே மாதத்தை இந்தக் கரை மறக்காது. மெத்தனால் கலந்த விஷச் சாராயம் இந்தக் குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் 20க்கும் மேல். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு 50,000 என்று அறிவித்தார்கள். மறு வருஷமே கள்ளக்குறிச்சி. மெத்தனால் உடலுக்குள் போனதும் முதலில் தாக்குகிற இடங்களில் ஒன்று கண் நரம்பு என்பது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உயிர் பிழைத்தாலும் பார்வை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

சரி, பார்வைக்குச் சர்க்கார் போட்டிருக்கிற கணக்கு என்ன? ஒரு கண் முற்றாகப் போய், மற்றக் கண் நன்றாக இருந்தால் 30 சதவிகிதம். அதாவது கோட்டுக்குக் கீழே. மற்றக் கண்ணும், அடுத்தவர் 24 மீட்டரிலிருந்து பார்ப்பதை 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்கும் என்ற அளவுக்குக் கெட்ட பிறகே 40 என்ற கோட்டைத் தாண்டும். கடலில் தொழில் செய்கிறவர்களைக் கேளுங்கள், ஒற்றைக் கண்ணோடு அலை முறிகிற இடத்தில் படகை ஏற்றி இறக்குவது என்ன காரியம் என்று. எறிந்த கயிறு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதே தெரியாது. கூட வருகிறவர்கள் இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள், "நீ கரையில வலையப் பாத்துக்க அண்ணே" என்பார்கள். தொழில் போயிற்று. சர்க்கார் ஏட்டிலோ அவர் நோயும் இல்லாதவர், ஊனமும் இல்லாதவர்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஒற்றைக் கண் மீனவருக்கு வாசலருகே வண்டி நிறுத்தும் அட்டை தேவையில்லை. அவருக்கு வேண்டியது மாற்றுத் தொழிலும் உதவித்தொகையும். காது அடியோடு கேட்காத தோழர் ஒருவர் 100 சதவிகிதச் சான்று வைத்திருக்கலாம். அவர் நம்மை விட வேகமாக நடப்பார். அவருக்கு வேண்டியது சைகை மொழி தெரிந்த ஆள். மறுபக்கம், இந்த உப்பளத்துப் பெண்களைப் பாருங்கள். இருபது முப்பது வருஷம் உப்புக் கூடையைத் தலையில் வைத்துப் பாத்திக்கும் கரைக்குமாக நடந்து, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர்கள். உட்கார்ந்தால் எழ ஒருவர் கை கொடுக்க வேண்டும். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசையில் எவ்வளவு வலு இருக்கிறது என்று கருவி வைத்து அளந்தால் 40 வராமல் போகலாம். மடங்குகிறதே! வலிக்கிறதா என்று கருவி கேட்பதில்லை. ஐம்பது மீட்டர் நடக்கச் சொல்லுங்கள், அப்போது தெரியும். இருதயம் பலவீனமாகி நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறவர்கள், சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறவர்கள்: இவர்கள் நோய் அந்த 21 வகைப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு சதவிகிதம் ஏது?

ஒரே எண்ணை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்கியதால், தேவையில்லாதவருக்குக் கதவு திறக்கிறது, தேவையுள்ளவருக்குத் திறப்பதில்லை. இதைச் சொல்வது நாம் மட்டும் அல்ல. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒரு தேர்வர், பரீட்சையில் தமக்காக எழுத ஆள் வேண்டும் என்று கேட்டார். 40 இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், 40 என்ற கோடு வேலை ஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்கு வைத்தது, எல்லா உரிமைக்கும் அதைக் கேட்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2024 அக்டோபரில் மருத்துவப் படிப்பு வழக்குகளிலும், சதவிகிதத்தை மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்காதே, அவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்றது. அதே ஆண்டு நவம்பரில், கட்டிடங்களையும் போக்குவரத்தையும் ஏற்றதாக்கும் நெறிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக வேண்டும் என்று சொல்லி, மூன்று மாத அவகாசம் கொடுத்தது. கோர்ட்டு சொன்னது புளிய மரத்தடி வரை வந்து சேர எத்தனை வருஷம் ஆகுமோ, நமக்குத் தெரிந்த அனுபவம்தான்.

எண்ணை உயர்த்திப் பிடிப்பதில் மத்திய சர்க்காருக்கு வேறொரு லாபமும் உண்டு. அவர்களுடைய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்துக்கு 40 கூடப் போதாது. 80 வேண்டும், வறுமைக் கோட்டுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். அத்தனையும் இருந்தால் மத்திய சர்க்கார் கொடுக்கும் பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் வைத்த 300! தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயை 1,500 ஆக்கினார்கள். பக்கத்து ஆந்திரத்தில் 2024இல் 6,000 ஆக்கினார்கள். கோடு உயர உயரப் பணம் மிச்சம் என்பது புரிகிறது. ஆனால் நிறுத்துமிடத்தில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? மண்ணும் வர்ணமும்தானே?

"விதியைத் தளர்த்தினால் போலிகள் புகுந்துவிடுவார்கள்" என்பார்கள். இந்த ஆட்சேபணையை நாம் அலட்சியம் செய்யவில்லை. போலிகள் இருக்கிறார்கள். ஆனால் எங்கே இருக்கிறார்கள்? 2024இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரியின் ஊனச் சான்றிதழைப் பற்றி நாடே பேசியது. அவருடைய தேர்வையே ரத்து செய்தார்கள். சதவிகிதக் கோடு, மருத்துவக் குழு, கம்ப்யூட்டர் அட்டை எல்லாம் இருந்தும்தான் அப்படி ஒரு சந்தேகம் எழுந்தது. கோட்டைத் தாண்டும் வித்தை தெரிந்தவர்கள் உப்பளத்திலும் குப்பத்திலும் இல்லை. மோசடி செய்து சலுகை பெறுகிறவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆவது பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. அதைப் பிரயோகிக்கட்டும். நீலக் கட்டத்தில் நிற்கிற அதிகாரியின் காருக்கு முதல் அபராதம் போட்டால், போலிகள் பாதிப் பேர் அன்றைக்கே ஓடிவிடுவார்கள்.

ஆகவே, அட்டை வரட்டும். ஆனால் ஆளின் பெயரில் வரட்டும். அவர் எந்த வண்டியில் வந்தாலும், ஷேர் ஆட்டோவில் வந்தாலும், அந்த ஆட்டோவை வாசல் வரை விட வேண்டும். மூன்று சக்கர ஸ்கூட்டருக்கும் நீலக் கட்டத்தில் கார் அளவுக்கே உரிமை உண்டு என்று பலகையில் தமிழில் எழுத வேண்டும். காவலாளிக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்காக மரக்காணத்து ஜனங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத்து மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், தம் வாசலில் ஐம்பது மீட்டர் அளந்து, நடக்கச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். நடக்க முடியாத காரணம் எலும்பா, இருதயமா, மூச்சா என்பது அட்டைக்கு வேண்டாத விஷயம். கால் முறிந்தவருக்கு எலும்பு கூடும் வரைக்கும் அட்டை. கட்டணம் என்று ஒரு காசும் கூடாது.

நம் சிரித்த தோழர் இப்போது சிரிப்பதில்லை. அவர் தாயாரும் உப்பளத்தில் கூடை தூக்கியவர்தான். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பது என்று கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். மனுவில் முதல் கையெழுத்து அந்த மீனவருடையது. தம் ஸ்கூட்டரிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீலக் கட்டத்தில்தான் நிறுத்தப் போகிறார். பக்கத்தில் நாம் நிற்போம்.